தங்கம் திரையரங்கும் நம் தமிழும்

மதுரை தங்கம் திரையரங்கை இன்றைய மாணவர் அறியார். 1952 தீபாவளியன்று 'பராசக்தி'யுடன் தொடங்கிய அவ்வரங்கில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. படம் பார்ப்பதை நம் இல்லத்துப் பெரியோர் விரும்பியதில்லை. 1980களில் சிறுவராகிய நாம் அவர்கட்குத் தெரியாமலே சென்றோம். வீடு திரும்பியதும் கிடைத்தது வேறு கதை! எனினும் மறைப்பதற்கில்லை: லகர, ளகர, ழகர வேறுபாட்டை நம் செவி உணர்ந்தது வகுப்பறையில் அன்று, அப்பெருந்திரையின் முன்னர்தான். ஒரு வசனத்திற்கு அரங்கமே மூச்சடக்கியதையும் அங்கேதான் கண்டோம்.

அரங்கம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஜவுளிக்கடை எழுந்துவிட்டது. வணிகத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் செவிவழித் தமிழ் வளர்த்த இத்தகைய இடங்களைத் தமிழ்த்துறைகள் ஆய்வுப் பொருளாகக் கொள்ளத் தயங்குவது ஏன்? 'பராசக்தி'யை அங்கு முதன்முதல் பார்த்தோர் எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டெழுத நம் மாணவரை இவ்வாண்டே அனுப்புதல் வேண்டும்.