இன்ஹெரிட் - பெற்றானா, பெற்றாளா?

'இன்ஹெரிட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 'வாரிசாகப் பெறுதல்' என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். அதோடு முடிந்ததா?

வாரிசு என்று பொருள்படும் 'ஹெரெஸ்' என்ற லத்தீன் சொல்தான் இதற்கு வேர். இந்த வினையின் எழுவாய் பெறுபவர்; கொடுப்பவர் அல்ல. "அப்பா வீட்டை இன்ஹெரிட் செய்தார்" என்றால், அப்பா தன் மகனுக்குக் கொடுத்தார் என்று பொருள் இல்லை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது என்றே பொருள். உயிரோடு இருக்கும்போதே எழுதித் தருவது செட்டில்மெண்ட். இறந்த பின் வருவதுதான் இன்ஹெரிட்.

சொத்து மட்டுமா? அம்மாவின் சுருட்டை முடியையும் இன்ஹெரிட் செய்யலாம். முந்தைய அதிகாரி விட்டுப்போன தலைவலியையும்தான்! ஜாவா படிப்பவர்களுக்கோ, ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸின் குணங்களைப் பெறுவதும் இதே சொல்.

சரி, சென்னிமலைக்கு வருவோம். பெட்ஷீட்டுக்குப் பேர்போன ஊர். அப்பாவின் தறி மகனுக்கு வந்துவிடும். நெய்யும் கை வந்துவிடாது. அது தறியில் உட்கார்ந்து பழகினால்தான் வரும். பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பெருந்துறை சிப்காட்டுக்கோ போய்விட்டால், மிஞ்சுவது மரச்சட்டம்தான்.

அதே வீட்டில் சிறு வயதிலிருந்து தார் சுற்றிக் கொடுத்த மகள்? "நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுல்ல" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பிறகு ஒரு விடுதலைப் பத்திரம், ஒரு கையெழுத்து.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை நண்பர்களே. தந்தை தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொன்னது. கூட்டுக் குடும்பச் சொத்திலும், 1989 மார்ச் 25க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு சம உரிமை தந்தது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் திருமணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

விரும்பி விட்டுக்கொடுப்பது வேறு. "அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ" என்று பயந்து கையெழுத்துப் போடுவது வேறு. சீர் அன்பளிப்பு. பங்கு உரிமை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கழிப்பது நியாயமாகாது.

ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. தமிழில் உண்டு: பெற்றான், பெற்றாள். இலக்கணம் இரண்டையும் வைத்திருக்கிறது. வீடுகள்தான் இன்னும் ஒன்றை மட்டுமே பயன்படுத்துகின்றன.