மறுப்பதற்கேனும் ஒரு விமர்சனம் வேண்டும்

பிரிட்டனின் ரேடியோஹெட் இசைக்குழு 2000 அக்டோபரில் 'கிட் ஏ' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. ஒரே நேரத்தில் அதைப் போல் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப்பட்டதும் காலில் போட்டு மிதிக்கப்பட்டதுமான ராக் படைப்புகள் குறைவு. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதன் தகுதி குறித்த வாதம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அந்த வாதத்தை நடத்திய இதழ்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1997இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்', ரேடியோஹெட்டை உலகின் முன்னணி மாற்று ராக் குழுக்களில் ஒன்றாக்கியிருந்தது. அதே பாணியில் இன்னொன்றை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நீண்ட பயணங்களால் களைத்துப்போயிருந்த பாடகர் தாம் யார்க்குக்கோ கிட்டார் ராக்கே சலித்துவிட்டிருந்தது. பாரிஸ், கோபன்ஹேகன், ஆக்ஸ்ஃபோர்டு என்று இடம் மாறி மாறி நடந்த ஒலிப்பதிவில் கிட்டார் பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டது. ஜானி கிரீன்வுட், 1920களில் பிரான்ஸில் உருவான 'ஓந்த் மார்த்தெனோ' என்ற மின்னிசைக் கருவியைக் கையில் எடுத்தார். 'இடியோடெக்' என்ற பாடல், அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல் உருவாக்கிய கணினி இசையிலிருந்து எடுத்த ஒரு துணுக்கின் மேல் எழுப்பப்பட்டது. முதல் பாடலில் கிட்டாரே இல்லை. இரண்டாவதில் யார்க்கின் குரல், சொற்கள் பிடிபடாத அளவுக்கு இயந்திரத்தால் உருமாற்றப்பட்டிருந்தது. தனிப்பாடல் வெளியீடு இல்லை, வழக்கமான பாடல் காணொளியும் இல்லை.

'மெலடி மேக்கர்' இதழில் மார்க் போமண்ட் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். 'நியூ யார்க்கர்' இதழில் நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி வேறொரு கோணத்தில் குறை கண்டார்: வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கிய மனிதருக்கு இல்லாத பொறுமையை இத்தொகுப்பு கேட்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அப்போது வளர்ந்துகொண்டிருந்த 'பிட்ச்ஃபோர்க்' இணைய இதழோ பத்துக்குப் பத்து வழங்கியது. இதற்கிடையே, வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே பாடல்கள் நாப்ஸ்டரில் கசிந்து, ரசிகர்கள் கேட்டு முடித்திருந்தார்கள். விற்பனை சரியும் என்று அஞ்சியவர்கள் ஏமாந்தார்கள். முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, குழு அங்கே முதன்முறையாக முதலிடம் பிடித்தது.

பின்னர் 2001இல் கிராமி விருது கிடைத்தது. அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த தொகுப்பு என்று 2009இல் 'ரோலிங் ஸ்டோன்', 'பிட்ச்ஃபோர்க்' இரண்டும் தேர்ந்தெடுத்தன. இதை வைத்து, விமர்சகர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்ன்பி தொகுப்பைப் பற்றிச் சொன்னது தவறு என்றே கருதுகிறேன். கேட்பவரைப் பற்றிச் சொன்னது சரி. ஏழெட்டு முறை கேட்ட பிறகுதான் 'கிட் ஏ' எனக்கும் பழகியது. அத்தனை முறை கேட்க நேரம் வாய்ப்பது எளிதல்ல. ராக் பாடலுக்கு மெட்டு கட்டாயமா, சொல் புரிய வேண்டுமா, ரசிகரின் எதிர்பார்ப்புக்குக் கலைஞர் கடன்பட்டவரா என்ற கேள்விகளை எதிர்த்தவர்களே எழுப்பினார்கள். அவற்றுக்குப் பதில் தேடும்போதுதான் ஆதரித்தவர்கள் இத்தொகுப்பை எப்படிக் கேட்பது என்று விளக்க நேர்ந்தது. புகழ்ச்சி மட்டும் இருந்திருந்தால் அந்த விளக்கம் எழுதப்பட்டிருக்காது.

1926இல் தொடங்கிய 'மெலடி மேக்கர்', அந்த 2000ஆம் ஆண்டு இறுதியிலேயே 'என்எம்இ' இதழுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. 'என்எம்இ' தன் அச்சு வார இதழை 2018இல் நிறுத்தியது. 'பிட்ச்ஃபோர்க்'கை 2015இல் வாங்கிய கான்டே நாஸ்ட் நிறுவனம், 2024 ஜனவரியில் அதை ஆண்களுக்கான 'ஜிக்யூ' இதழின் கீழ் கொண்டுவந்தது. பலர் வேலை இழந்தார்கள்.

அந்த இடத்துக்கு வந்திருப்பது எது? ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 விநாடி ஓடினால்தான் அது கேட்கப்பட்டதாகக் கணக்கு. ஓராண்டில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாடலுக்கு 2024 முதல் அங்கே உரிமைத்தொகையும் இல்லை. 29ஆவது விநாடியில் ஒருவர் அடுத்த பாடலுக்குத் தாவினால் அதுவும் ஒரு தீர்ப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பில் காரணம் இல்லை, கையொப்பம் இல்லை. போமண்டின் கட்டுரையை மறுத்து எழுத முடிந்தது. ஒரு தாவலை மறுத்து யாருக்கு எழுதுவது?

பழைய விமர்சன உலகம் பொற்காலம் அன்று. லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த சிலர், பெரும்பாலும் ஆண்கள், உலகம் எதைக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மேலும், பெரிய நிறுவனத்தின் பணமும் முந்தைய வெற்றியின் புகழும் ரேடியோஹெட்டுக்கு அரணாக இருந்தன. இன்று யூடியூபில் ஒரு தொகுப்பை விரிவாக அலசுபவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர்களை நம் முன் கொண்டுவருவதும் விலக்குவதும் அதே வகைக் கணக்கீடுதான். பெயர் தெரியாத ஒரு புதிய குழு இன்று 'கிட் ஏ' போன்ற ஒன்றை உருவாக்கினால், அதைத் திட்டுவதற்கென்று ஒரு முழுப்பக்கம் ஒதுக்க யாருக்கு மனம் வரும்?

போமண்ட் 2010இல் 'தி கார்டியன்' இதழில் இத்தொகுப்பைப் பற்றி மீண்டும் எழுதினார். அதற்குள் உலகம் முழுவதும் எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தது. அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தமக்கு அது ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று தம் பெயரிலேயே எழுதினார்.