தடை முடிந்து 8 மாதத்தில் உலக சாம்பியன்: ஜாவோ ஷின்டோங்கின் வெற்றியைக் கொண்டாடலாமா?

மே 5, திங்கட்கிழமை இரவு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள க்ரூசிபிள் தியேட்டரில் 2025 உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி முடிந்தது. வேல்ஸ் வீரர் மார்க் வில்லியம்ஸை 18-12 என்ற கணக்கில் வீழ்த்தி, சீனாவின் ஜாவோ ஷின்டோங் கோப்பையைத் தூக்கினார். வயது 28. பரிசுத்தொகை 5 லட்சம் பவுண்டு, நம்ம ஊர் கணக்கில் 5 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தப் பட்டத்தை வெல்லும் முதல் ஆசிய வீரர் இவர்தான். இதை வெல்லும் முதல் 'அமெச்சூர்' வீரரும் இவர்தான். இரண்டாவது தகவலைத்தான் எல்லோரும் ஷேர் செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு கத்துக்குட்டி பெரிய தலைகளை எல்லாம் சாய்த்துவிட்டார் என்பதுபோல ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, அவர் ஏன் அமெச்சூராக இருந்தார் என்ற கேள்வியை அந்தக் கதை அப்படியே தாண்டிப் போய்விடுகிறது.

கத்துக்குட்டி இல்லை

ஸ்னூக்கரில் தொழில்முறை வீரர் என்றால் கையில் 'டூர் கார்டு' இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் எல்லோரும் கணக்குப்படி அமெச்சூர்கள்தான், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும்.

ஜாவோ 2021-லேயே யுகே சாம்பியன்ஷிப் வென்றவர். உலக சாம்பியன்ஷிப், மாஸ்டர்ஸ் இரண்டோடும் சேர்த்து ஸ்னூக்கரின் மூன்று பெரிய போட்டிகளில் ஒன்று அது. இறுதிப்போட்டியில் 10-5 என லூகா ப்ரெசெலைத் தோற்கடித்தார். அடுத்த சில வாரங்களில், 2022 ஜெர்மன் மாஸ்டர்ஸ் இறுதியில் 9-0. எதிரில் ஆடியவர் ஒரு ஃப்ரேம்கூட எடுக்கவில்லை. அந்த எதிராளியின் பெயர் யான் பிங்டாவ். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜனவரியில் ஜாவோ இடைநீக்கம் செய்யப்பட்டார். மேட்ச் ஃபிக்ஸிங் விசாரணை. மொத்தம் 10 சீன வீரர்கள் சிக்கினார்கள். ஸ்னூக்கர் வரலாற்றில் இவ்வளவு பெரிய ஊழல் விவகாரம் அதற்கு முன் வந்ததில்லை. அந்த ஆண்டு ஜூனில் தீர்ப்பு வந்தது. லியாங் வென்போ, லி ஹாங் இருவருக்கும் வாழ்நாள் தடை. மற்றவர்களுக்குக் குற்றத்துக்கு ஏற்ப மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தடை.

ஜாவோ தன் ஆட்டம் எதையும் ஃபிக்ஸ் செய்யவில்லை. அவர் மீதான குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, வேறொரு வீரர் இரண்டு ஆட்டங்களை ஃபிக்ஸ் செய்ததில் உடந்தையாக இருந்தது. இன்னொன்று, ஸ்னூக்கர் ஆட்டங்கள் மீது தானே பெட் கட்டியது. இரண்டையும் ஒப்புக்கொண்டார். உடந்தையாக இருந்தது யாருடைய ஆட்டங்களில்? மேலே சொன்ன அதே யான் பிங்டாவ்.

10 மாதம் செய்த வேலை

ஜாவோவுக்கு முதலில் கணக்கிடப்பட்ட தண்டனை இரண்டரை ஆண்டு, அதாவது 30 மாதம். ஆரம்பத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அது 20 மாதமாகக் குறைக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 1-ம் தேதி தடை நீங்கியது.

இப்போ ஒரு சின்ன கணக்கு. அந்த 10 மாதச் சலுகை கிடைக்காமல் இருந்திருந்தால், தடை 2025 ஜூலை வரை நீண்டிருக்கும். க்ரூசிபிள் இறுதிப்போட்டி நடந்தது மே மாதம். முழுத் தண்டனையை அனுபவித்திருந்தால் ஜாவோ அன்று மேஜைக்குப் பக்கத்தில்கூட வந்திருக்க முடியாது.

'இவர் அங்கே ஆடியதே தப்பு' என்பவர்களின் வாதத்துக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. வெறுமனே 'ஏமாத்துக்காரன்' என்று கமென்ட் போடுவதைவிட இது கனமான கேள்வி. ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி என்பது சரியா?

சரி என்றுதான் சொல்ல வேண்டும். ஃபிக்ஸிங் வழக்குகளில் ஆதாரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு வீரர் ஒரு எளிய பந்தைத் தவறவிட்டால், அது வேண்டுமென்றே விட்டதா, கை தவறியதா என்று வீடியோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெட்டிங் கணக்குகள், போன் மெசேஜ்கள், உள்ளே இருந்தவர்களின் வாக்குமூலம் இவற்றை வைத்துத்தான் வழக்கு நிற்கும். வாயைத் திறப்பவருக்கு எந்தப் பலனும் இல்லை என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? அந்த 10 மாதம், ஒரு பெரிய வலையை அறுக்க விளையாட்டு நிர்வாகம் கொடுத்த விலை. அந்த விலைக்கு ஓர் உலகக் கோப்பை வரும் என்று 2023-ல் யாருக்கும் தெரியாது.

111 ஃப்ரேம்கள்

கோப்பை எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஆட்டம் அப்படி.

புதியவர்களுக்கு: மேஜையில் 15 சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றும் 1 புள்ளி. மஞ்சள் 2-ல் தொடங்கி கறுப்பு 7 வரை ஆறு நிறப் பந்துகள். ஒரு சிவப்பு, ஒரு நிறம் என மாறி மாறி பாக்கெட்டில் போட வேண்டும். ஒருமுறை பந்துகள் முழுக்கக் காலியாகி புள்ளிகள் எண்ணப்பட்டால் அது ஒரு ஃப்ரேம். இறுதிப்போட்டியில் 18 ஃப்ரேம்களை முதலில் எடுப்பவர் சாம்பியன். இரண்டு நாள், நான்கு செஷன். டெஸ்ட் மேட்ச் பொறுமை வேண்டும்.

தரவரிசையில் முதல் 16 இடங்களில் இருப்பவர் நேராக க்ரூசிபிளுக்குள் போவார். பட்டம் வெல்ல அவர் 71 ஃப்ரேம்கள் எடுத்தால் போதும். டூர் கார்டே இல்லாத ஜாவோ நான்கு தகுதிச்சுற்றுகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் 10 ஃப்ரேம். ஆக மொத்தம் 9 ஆட்டங்கள், 111 ஃப்ரேம்கள். தகுதிச்சுற்றிலிருந்து வந்து க்ரூசிபிளில் வென்றவர்கள் இதற்கு முன் இரண்டே பேர்: 1979-ல் டெரி கிரிஃபித்ஸ், 2005-ல் ஷான் மர்ஃபி.

கடைசித் தகுதிச்சுற்றில் எலியட் ஸ்லெஸரிடம் 10-8 என மூச்சு வாங்கித்தான் தப்பித்தார். உள்ளே வந்த பிறகு முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியாளர் ஜேக் ஜோன்ஸை 10-4, சக சீன வீரர் லெய் பெய்ஃபானை 13-10, கிறிஸ் வேக்லினை 13-5 என முடித்தார். இதில் லெய் பெய்ஃபான், முதல் சுற்றில் நடப்பு சாம்பியன் கைரன் வில்சனை 10-9 என வெளியேற்றிவிட்டு வந்தவர்.

அரையிறுதியில் ரோனி ஓ'சல்லிவன். ஏழு முறை சாம்பியன், ஸ்னூக்கர் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த பெயர். முதல் செஷன் 4-4. இரண்டாவது செஷனில் நடந்த 8 ஃப்ரேம்களையும் ஜாவோவே எடுத்தார். 12-4. கடைசி செஷனுக்கு வேலையே இல்லாமல் 17-7 என ஆட்டம் முடிந்தது. ரோனியை க்ரூசிபிளில் இப்படி ஒருவர் உட்காரவைத்துப் பார்ப்பது அபூர்வம்.

இறுதிப்போட்டியில் வில்லியம்ஸ். அவருக்கு வயது 50. க்ரூசிபிள் இறுதிப்போட்டிக்கு வந்தவர்களில் இவர்தான் மூத்தவர். 1982-ல் 49 வயதில் ஆடிய ரே ரியர்டனின் சாதனையை முறியடித்தார். காலிறுதியில் ஜான் ஹிக்கின்ஸை 13-12, அரையிறுதியில் ஜட் ட்ரம்ப்பை 17-14 என வென்று வந்திருந்தார். ஆனால் முதல் செஷனிலேயே 1-7 எனப் பின்தங்கிவிட்டார். இரண்டாம் நாள் மதியம் 8-17. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், இரவு செஷனில் வரிசையாக நான்கு ஃப்ரேம்களை எடுத்து அரங்கத்தை நிமிர வைத்தார். ஐந்தாவது கிடைக்கவில்லை.

வில்லியம்ஸ், ஓ'சல்லிவன், ஹிக்கின்ஸ் மூவரும் 1992-ல் ஒன்றாகத் தொழில்முறைக்கு வந்தவர்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக இளையவர்களுக்கு வழிவிடாத கூட்டம். அதில் இருவரை அடுத்தடுத்து சாய்த்தவர் ஜாவோ.

நம்ம ஊருக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. 2013 ஐபிஎல் பெட்டிங் விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இரண்டு சீசன்கள் தடை செய்யப்பட்டது. 2018-ல் திரும்பி வந்தது, வந்த சீசனிலேயே கோப்பையை வென்றது. அந்த வெற்றியைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் 'தடை முடிந்த உடனேயே ஆடலாமா' என்று கேட்டார்கள்? 'கம்பேக்' என்றுதான் சொன்னோம். அங்கே தவறு செய்தவர் நிர்வாகத் தரப்பு, வீரர்கள் இல்லை. அந்த வித்தியாசம் உண்மை. இருந்தாலும் தண்டனை முடிந்தால் கணக்கு முடிந்தது என்ற நியாயத்தை நாம் அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இன்னும் நெருக்கமான உதாரணம் பாகிஸ்தானின் முகமது ஆமிர். 2010 லார்ட்ஸ் டெஸ்ட்டில் வேண்டுமென்றே நோ-பால் வீசியபோது அவருக்கு வயது 18. உடன் சிக்கியவர் அவருடைய கேப்டன். ஐந்து ஆண்டு தடை, சிறை எல்லாம் முடிந்து 2016-ல் திரும்பினார். 2017 சாம்பியன்ஸ் ட்ராஃபி இறுதியில் ரோஹித், கோலி, தவான் மூவரையும் தூக்கியவர் அவர்தான். அன்று நமக்கு வலித்தது, ஆனா அந்த ஓவர்கள் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆமிர் கதையில் ஒரு கேப்டன் இருந்ததுபோல, சீன வீரர்கள் கதையிலும் ஒரு சீனியர் இருக்கிறார். வாழ்நாள் தடை பெற்ற லியாங் வென்போ, ஜாவோவைவிட பத்து வயது மூத்தவர், உலகக் கோப்பை வென்ற சீன அணியில் ஆடியவர். சிக்கிய இளைஞர்கள் பலரும் ஊரைவிட்டு வந்து இங்கிலாந்தில் தங்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள். கோவிட் காலத்தில் சீனாவுக்குப் போய்வருவது கிட்டத்தட்ட முடியாத காரியம். 2020 முதல் 2022 வரை சீனாவில் பெரிய ஸ்னூக்கர் போட்டிகளும் நடக்கவில்லை. அங்கிருந்து வரவேண்டிய பரிசுப் பணமும் நின்றுபோனது. வெளியூர்ல தனியா இருக்கிற பசங்க, பக்கத்தில் இருக்கும் அண்ணன் சொல்வதைக் கேட்பார்கள். இது அவர்கள் செய்ததை நியாயப்படுத்தாது. ஆனால் அடுத்த முறை இது நடக்காமல் இருக்க எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதைக் காட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 உலக சாம்பியன்ஷிப்பின் டைட்டில் ஸ்பான்சர் பெட்ஃப்ரெட், ஒரு பெட்டிங் நிறுவனம். அதே காலத்தில் பல தரவரிசைப் போட்டிகளுக்குப் பணம் கொடுத்தது பெட்விக்டர், அதுவும் பெட்டிங் நிறுவனம்தான். வீரர் பெட் கட்டினால் தடை, போட்டியின் பெயரிலேயே பெட்டிங் நிறுவனம். சட்டப்படி இதில் முரண்பாடு இல்லை என்று நிர்வாகிகள் சொல்லலாம். இருபது வயதுப் பையன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம்.

அப்போ, கொண்டாடலாமா?

தாராளமாக. விதி என்ன தண்டனை சொன்னதோ அதை அனுபவித்துவிட்டு, அடிமட்டப் போட்டியான க்யூ டூரில் மறுபடி ஆரம்பித்து, தகுதிச்சுற்றில் வரிசையில் நின்று வந்து ஜெயித்திருக்கிறார். இதற்குமேல் ஒரு விளையாட்டு வீரரிடம் கேட்க எதுவும் இல்லை. 2016-ல் டிங் ஜுன்ஹுய் இறுதிவரை வந்து மார்க் செல்பியிடம் 14-18 எனத் தோற்றதிலிருந்து சீனா காத்திருந்த பட்டம் இது.

ஆனால் கொண்டாட்டத்துக்காக வரலாற்றுக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை. 'அமெச்சூர் அதிசயம்' என்று தலைப்பு வைத்துவிட்டு, தடை பற்றி எட்டாவது பாராவில் ஒரு வரி போடுவது வாசகருக்குச் செய்யும் நியாயம் இல்லை. ஜாவோவுக்கும் இல்லை. அவர் கடந்து வந்த தூரமே அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

இடையில் ஒரு சுவாரஸ்யம். ஸ்னூக்கர் பிறந்தது நம்ம நாட்டில்தான். 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் பொழுதுபோக்காக ஆரம்பித்த ஆட்டம். விதிகள் முறையாக எழுதப்பட்டது ஊட்டி க்ளப்பில் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 'ஸ்னூக்கர்' என்பது அப்போதைய ராணுவப் பேச்சில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரனைக் கிண்டலாகக் கூப்பிடும் சொல். கிட்டத்தட்ட நம்ம 'கத்துக்குட்டி'.

ஜாவோ அடுத்த சீசனை டூர் கார்டோடு, உலகத் தரவரிசையில் 11-வது இடத்தில் தொடங்கினார். அவரிடம் 9-0 எனத் தோற்ற யான் பிங்டாவ், 2021-ல் 20 வயதிலேயே மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். அவருக்கு விதிக்கப்பட்ட ஐந்து ஆண்டு தடை 2027 டிசம்பரில்தான் முடிகிறது. அப்போது அவருக்கு 27 வயது இருக்கும். ஜாவோ க்ரூசிபிளில் கோப்பை தூக்கிய வயதைவிட ஒரு வயது குறைவு.