மேலாண்மை பொன்னுச்சாமியின் எல்லாப் புத்தகமும் எனக்கு வேண்டும்!

போன மாதம் இதே பலகையில் மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதினேன். இந்த மாதம் என் சொந்த ஆசை ஒன்றை எழுதுகிறேன். யாரும் சிரிக்கக் கூடாது.

எனக்கு ஒரு எழுத்தாளரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவர் எழுதியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படிக்க வேண்டும். அவர் பெயர் மேலாண்மை பொன்னுச்சாமி. பெயரைப் பார்த்ததும் நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். மேலாண்மை என்றால் மேனேஜ்மென்ட், ஏதோ காமர்ஸ் படிக்கிற அண்ணன்களுக்கான புத்தகம் என்று. அது அவர் ஊர்ப் பெயராம். மேலாண்மறைநாடு. நம் விருதுநகர் மாவட்டம்தான்!

கோடை லீவில் வினாடி வினாவுக்காகப் பொது அறிவுப் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போனேன். அதை வேறு யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்று நூலகர் சார் அட்டை கிழிந்த கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினேன். வரும் வழியில் வேப்பமரத்தடியில் நின்று ஒரு பக்கம் புரட்டினேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதில் வருகிற சனங்கள் நம்மை மாதிரியே பேசுகிறார்கள். மழை வராத மானாவாரிக் காடு, கடன் வாங்கிய சம்சாரி, பருத்தி, கம்மங்கஞ்சி. நம்ம பேச்சைப் புத்தகத்தில் அச்சடிப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "வந்துட்டுப் போ" என்று கட்டுரை நோட்டில் எழுதினால் சிவப்பு மையில் கோடு விழும் அல்லவா? இவர் எழுதினால் சாகித்திய அகாதமி விருதே கொடுத்திருக்கிறார்கள்! 2007ஆம் ஆண்டு, 'மின்சாரப்பூ' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு.

அவர் 1951இல் பிறந்தவர். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஊரில் சின்னக் கடை வைத்துக்கொண்டு செம்மலர் போன்ற பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். 2017 அக்டோபர் 30ஆம் தேதி இறந்துவிட்டார். அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. பக்கத்து ஊர்க்காரர் மாதிரி ஒருவர் இருந்திருக்கிறார், பார்க்கவே முடியாமல் போய்விட்டது என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அம்மா பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். வேலை விட்டு வந்து, சோறு ஆக்கிவிட்டு, ராத்திரி காகிதக் குழாய் உருட்டுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். முதல் நாள் அம்மா கண்டுக்கவே இல்லை. இரண்டாம் நாள் உருட்டுவதை நிறுத்திவிட்டு, "இந்தாளு கடையில உக்காந்து சனங்க பேசுறதக் கேட்டிருப்பாரு போல" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடை வைத்திருந்ததை நான் சொல்லவே இல்லை! அப்புறம்தான் சொன்னேன், அஞ்சாப்பு வரைக்கும்தான் படித்தார் என்றும் சொன்னேன்.

"அவரும் அஞ்சாப்புத்தானா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்கள்.

அம்மாவும் அஞ்சாப்புத்தான். அதற்கு அப்புறம் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். விடியுமுன்னே பிள்ளைகளை ஏற்றிப்போக வண்டி வருமாம். தூங்கிக்கொண்டே ஏறி, தூங்கிக்கொண்டே இறங்குவோம் என்பார்கள். இப்போது அப்படிப் பிள்ளைகளை ஏற்ற முடியாது, சட்டம் இருக்கிறது. அந்த வயதில் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றியும் இவர் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப நாமளும் அஞ்சோட நின்னிருக்கலாம், விருது கிடைச்சிருக்கும்" என்றான். ஞானபீட விருது வாங்கிய ஜெயகாந்தன்கூட ஐந்தாம் வகுப்புத்தானே என்று சாட்சி வேறு சொன்னான். வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன். "அவரு ஒருத்தரு எழுந்துட்டாரு தாயி. என்கூட நின்ன பதினோரு பேரும் இன்னும் ஆபீசுலதான் இருக்கோம்" என்றார்கள். அந்தப் பையனுக்கு இதுதான் பதில். என்னால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

எல்லாக் கதையும் பிரமாதம் என்று பொய் சொல்ல மாட்டேன். சில கதைகளில் பாதியிலேயே முடிவு தெரிந்துவிடும். நல்லவர் ரொம்ப நல்லவராகவே இருப்பார். அம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, "கதையிலயாவது நல்லது நடக்கட்டுமே, உனக்கு என்ன வலிக்குது?" என்று கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் இந்த விஷயத்தில் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

என் தோழி கேட்கிறாள், "ஒரே ஆளு எழுதினதையே படிச்சா போரடிக்காதா? பத்துப் பேருடையதைப் படிச்சா அறிவு வளரும்ல?" என்று. நீ வருஷா வருஷம் லீவுக்கு ஒரே ஆச்சி வீட்டுக்குத்தானே போகிறாய்? முதல் வருஷம் வாசல் மட்டும்தான் தெரியும். அடுத்த வருஷம் கிணறு, அதற்கடுத்த வருஷம் யார் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும் தெரிந்துவிடும். ஒரு எழுத்தாளரின் மூன்றாவது புத்தகம் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் இருந்தது. மற்றவர்களையும் விடப்போவதில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் இருக்கிறார், 1991இல் அகாதமி விருது வாங்கியவர். நம் மல்லாங்கிணறு எஸ். ராமகிருஷ்ணன் இருக்கிறார், 2018இல் வாங்கியவர். அவர்கள் வரிசையில் நிற்கட்டும்.

கஷ்டம் என்னவென்றால் புத்தகம் கிடைக்கவில்லை. 'ஆசிரியரின் பிற நூல்கள்' என்று போட்டிருந்த பட்டியலை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். படித்ததற்கு டிக் போடுகிறேன். மூன்று டிக்தான் விழுந்திருக்கிறது. 'மானாவாரிப் பூ', 'பூச்சுமை' எல்லாம் பெயரோடு நிற்கின்றன. எங்கள் நூலகத்தில் அந்த மூன்றுக்கு மேல் அவர் புத்தகம் இல்லை. இது அவருடைய சொந்த மாவட்டம்! திருநெல்வேலி அல்வா திருநெல்வேலியில் கிடைக்காத மாதிரி இருக்கிறது.

சமூக அறிவியல் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார்கள். 1948ஆம் வருடத்துப் பொது நூலகச் சட்டப்படி, நம் வீட்டு வரியோடு சேர்த்து ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் வாங்குகிறார்களாம். குழாய் உருட்டுகிற எங்கள் அம்மாவும் கட்டுகிறார்கள். ஆகையால் இந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. நான் ஒருத்தி எழுதிக் கொடுத்தால் சின்னப் பிள்ளை என்று விட்டுவிடலாம், நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விட முடியாது.

நம் பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள். போன ஆண்டு விழாவில் கட்டுரைப் போட்டிக்கு எனக்கு எவர்சில்வர் தட்டு தந்தீர்கள். நல்ல தட்டுதான், தம்பி அதில்தான் சாப்பிடுகிறான். ஆனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே நாலு தட்டு இருக்கிறது. புத்தகம் இல்லை. இந்த வருடம் தட்டுக்குப் பதிலாக நம் கரிசல் காட்டு எழுத்தாளர்களின் புத்தகத்தைக் கொடுங்கள். ஜெயித்தவர் படித்துவிட்டுத் தோற்றவருக்கும் தருவார். தட்டை அப்படித் தர முடியுமா?

நேற்று ராத்திரி எனக்குப் பரீட்சை என்று புத்தகத்தை எடுக்கவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தானே எடுத்து, தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. நான் சரித்திரம் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தை வரும் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ, சித்தப்பா பெரியப்பா வீட்டிலோ மேலாண்மை பொன்னுச்சாமி புத்தகம் இருந்தால் இந்தத் தாளின் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். பேப்பர் அட்டை போட்டு, காது மடக்காமல், ஒரே வாரத்தில் திருப்பித் தருகிறேன். நாங்கள் இரண்டு பேர் படிப்பதால் பத்து நாள் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி