பேசாதிருப்பது யாருக்குக் கட்டுப்படியாகும்?

அண்மையில் ஆய்வு மாணவர்களுக்கென நடந்த பயிலரங்கு ஒன்றில் அமர்ந்திருந்தேன். 'எளிதில் கிடைக்காததற்கே மதிப்பு. ஒதுங்கியிருங்கள், மௌனம் காத்திருங்கள், உலகம் உங்களைத் தேடிவரும்' என்பது மேலாண்மைத் துறையிலிருந்து வந்திருந்த கருத்துரையாளரது உரையின் சாரம். சான்றாகத் திரையில் நடிகர் அஜித் குமாரின் படத்தைக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. அங்கே சொல்லாமல் விட்ட மறுப்பை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சான்றைச் சரிபார்ப்போம். அஜித் தம் படங்களின் விளம்பர நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை. நேர்காணல் தருவதும் அரிது. 2011இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில், 'தல' முதலிய பட்டங்கள் வேண்டாம், பெயரால் அழைத்தால் போதும் என்றார். 2024 டிசம்பரில், தம்மைக் 'கடவுளே' என்று விளித்துப் பொதுவிடங்களில் முழங்குவதை நிறுத்துமாறு வேண்டினார். இதை விளம்பர உத்தி என்று வகைப்படுத்த வேண்டுமெனில் அவர் மனத்தை அறிந்திருக்க வேண்டும். அது எனக்கும் தெரியாது, கருத்துரையாளருக்கும் தெரியாது. நாம் ஆராயக்கூடியது விளைவை மட்டுமே.

'வலிமை' திரைப்படம் 2019இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் நெடுநாள் செய்தி ஏதும் இல்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட வந்த இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் ரசிகர்கள் 'வலிமை அப்டேட்' கேட்டார்கள். அஜித்தே அறிக்கை வெளியிட்டு, கண்ணியம் காக்கும்படி கேட்க நேர்ந்தது. படம் 2022 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அப்படத்தின் பெயரை ஊரெங்கும் ஒலிக்கச் செய்தவர்கள் ஊதியமில்லாத இளைஞர்கள். 2023 ஜனவரியில் 'துணிவு' வெளியான இரவில், சென்னைக் கோயம்பேட்டில் ஓடும் லாரியின்மேல் ஏறிக் கொண்டாடிய இளைஞர் ஒருவர் கீழே குதித்து உயிரிழந்தார். அம்மரணத்திற்கு நடிகரைப் பொறுப்பாக்குவது என் நோக்கமன்று. 'மௌனம் செலவில்லாத விளம்பரம்' என்போர், செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. நடிகர் ஒதுங்கியபோதும் படநிறுவனம் ஒதுங்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. முன்னோட்டமும் சுவரொட்டியும் பாடலும் உரிய காலத்தில் வந்துகொண்டுதான் இருந்தன. 'துணிவு' தெலுங்கில் 'தெகிம்பு' ஆகி எங்கள் சந்திரகிரிப் பக்கமும் வந்து சேர்ந்தது. பேசாதவருக்காக இரண்டு மொழிகளில் பேச ஆள் இருந்தது.

மொழியியல் மாணவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். உரையாடலில் பேச்சுமுறை எவ்வாறு கைமாறுகிறது என்பதை ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கேயில் ஜெபர்சன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். ஒருவரைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்டபின் அவர் வாய் திறவாதிருந்தால் அந்த மௌனம் அவருக்கு உரியது; அதற்குப் பொருள் தேடுகிறோம். எவரும் எவரையும் அழைக்காதபோது நிகழும் மௌனம் யாருக்கும் உரியதன்று. அது வெறும் இடைவெளி. ஆகவே மௌனம் பொருள்பட வேண்டுமாயின், அதற்குமுன் ஒரு கேள்வி காத்திருக்க வேண்டும். கருத்துரையாளர் நமக்கு மௌனத்தைப் பரிந்துரைத்தார். கேள்வி எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை.

கேள்வி வராத மௌனம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் வாழும் ஊரே சான்று. சந்திரகிரி தாலுகா 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகத்திற்குச் சென்றது. சந்திரகிரி ஆந்திரத்திலேயே நின்றது. இங்கே அடுப்பங்கரையில் தமிழ் பேசும் மூதாட்டி, அரசு அலுவலகச் சாளரத்தின் முன் நின்றதும் தமிழை விழுங்கிவிட்டுத் தெலுங்குக்கு மாறுகிறார். பேரப்பிள்ளைகளுக்கு முன்பும் மெல்ல மாறிவிடுகிறார். மூன்று தலைமுறைகளாக இம்மொழி பொதுவெளியிலிருந்து ஒதுங்கியே இருக்கிறது. ஒதுங்கியதால் அதன் மதிப்பு உயரவில்லை. அதைத் தேடி எவரும் வரவில்லை.

ஆய்வு மாணவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நமக்கு ரசிகர் மன்றம் இல்லை, கலைப்பதற்கு. ஆறு திங்கள் நாம் காணாமற்போனால் தேடக்கூடியவர் விடுதிக் காப்பாளர் ஒருவரே, அதுவும் உணவுக்கட்டண நிலுவைக்காக. பெரும் பேராசிரியர் கருத்தரங்கில் பேசாதிருந்தால் 'ஆழ்ந்து சிந்திக்கிறார்' என்பார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி பேசாதிருந்தால் 'விஷயம் இல்லை' என்பார்கள். அவரிடம் போய் 'மௌனமே உன் மூலதனம்' என்பது, பட்டினி கிடப்பவரிடம் நோன்பின் சிறப்பை விளக்குவதற்கு ஒப்பாகும்.

ஒதுங்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. களைத்தவர் ஒதுங்கட்டும், ஆரவாரம் வேண்டாதவர் அமைதி காக்கட்டும். ஆனால் அதைச் சந்தை உத்தியாக வகுப்பறையில் விற்பவர், 'நீ பேசாதபோது உனக்காகப் பேசுவோர் யார்?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். 'யாருமில்லை' என்பது விடையானால், அம்மாணவருக்கு உரிய அறிவுரை ஒன்றே: பேசு.

அன்று அப்பயிலரங்கில் நானும் எழுந்து கேட்கவில்லை. என் மௌனத்தை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் வாதிட வாருங்கள்.