வண்டிக்கு ஒரு பங்கு, உடம்புக்கு இரண்டு பங்கு

நம் திருச்சுழி பக்கம் பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஸ்கூட்டர் ஓட்டுகிற சகோதரிகள் நிறையப் பேர். ஆனால், "அருப்புக்கோட்டை தாண்டி மதுரை வரைக்கும் ஓட்டிட்டுப் போறேன்" என்றால் மட்டும், "பொம்பளைப் பிள்ளைக்கு அது தாங்குமா?" என்று வீட்டில் கேட்டுவிடுகிறார்கள். தாங்கும். ஆனால் தயார் பண்ணிக்கொண்டு போக வேண்டும்.

மைசூர் கிருஷ்ணகுமார், அப்பா வாங்கிய பழைய பஜாஜ் சேட்டக்கின் பின்சீட்டில் தாயார் சூடாரத்னாவை உட்கார வைத்து 2018 ஜனவரியில் கிளம்பினார். அதுவரை வீடே உலகம் என்றிருந்தவர் அந்த அம்மா. வயது எழுபதை ஒட்டி! 2020 செப்டம்பரில் ஊர் திரும்பியபோது நேபாளம், பூட்டான், மியான்மர் உள்பட 50,000 கிலோ மீட்டருக்கு மேல் போயிருந்தார்கள். 2015-ல் ஆனம் ஹாஷிம் என்ற இளம்பெண், டி.வி.எஸ். ஸ்கூட்டியில் 5,359 மீட்டர் உயரமுள்ள லடாக் கர்துங்லா கணவாய்க்கே ஏறிவிட்டார். நமக்கு மதுரை என்ன தூரமா?

முதலில் வண்டி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் விட்டு ஆயில், பிரேக், பெல்ட், விளக்கு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் விட்டால், மாட்டிய புதுச் சாமானில் கோளாறு இருந்தாலும் நடுவழியில்தான் தெரியும். ஸ்கூட்டர் சக்கரம் சின்னது. பள்ளத்தில் அதிகம் இடிக்கும். டயர் வழவழப்பாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். காலையில் டயர் சூடேறுமுன் காற்று பாருங்கள். நம் ஊர் சீமைக்கருவேல முள்ளைச் சொல்லவே வேண்டாம்! டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் ஒட்டும் பெட்டி ஒன்று சீட்டுக்கடியில் இருக்கட்டும்.

இனி உடம்பு. இதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். ஒரே நாளில் துணியாமல், வாரம் ஒருமுறை 20 கிலோ மீட்டர், 40, 60 என்று கூட்டிக்கொண்டே போய்ப் பழகுங்கள். இடுப்பும் தோளும் மணிக்கட்டும் பழகிவிடும். பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரி ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். "வீட்டு வேலையெல்லாம் முடிச்சு வச்சிட்டுப் போறேன்" என்று பன்னிரண்டு மணி வரை பாத்திரம் தேய்க்காதீர்கள்!

கூச்சப்படாமல் ஒன்று சொல்கிறேன். வழியில் ஒதுங்க இடமில்லையே என்று நம்மில் பலர் தண்ணீர் குடிக்காமலே கிளம்புகிறோம். இந்தக் கரிசல் வெயிலில் அது ஆபத்து. தலைசுற்றல், நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் அதனால் வரும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் பங்குகளில் கழிப்பிடமும் குடிநீரும் இருக்க வேண்டும் என்பது விதி, தயங்காமல் கேளுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு (இரண்டும் தலைதட்டி) கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இது வேண்டாம். வெறும் தண்ணீரே போதும். சாப்பாடு இட்லியோ தயிர் சாதமோ போதும்.

விடியற்காலை கிளம்புங்கள், பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்கி நடங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட், அதன் வாரையும் மாட்டுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் அப்படியே. முந்தானையும் துப்பட்டாவும் இடுப்பில் இறுக்கிச் செருகியிருக்க வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

வெயிலில் பேச்சுக் குழறினால், உடம்பு கொதித்து நினைவு தடுமாறினால், நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் தெளித்து விசிறி, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அமெரிக்காவில் 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல் ஓட்டிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தச் சங்கத்தாரே, "களைத்தால் நிறுத்தி ஓய்வெடு" என்றுதான் சொல்கிறார்கள். கொட்டாவி இரண்டு தரம் வந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அரை மணி நேரம் தாமதமாய்ப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.