பல்லைக் கடித்தால் மூடும் இமை



கம்போங் ராஜாவிலும் புளூ வேலி தோட்டத்திலும் இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களை நினைத்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மலைக்காற்றிலும் காய்கறிப் பாத்திகளின் மண்தூசியிலும் நாளெல்லாம் நிற்பவர்கள் நீங்கள். மூடவும் முடியாமல், தூசி விழுந்தாலும் உணராமல் போகிற கண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முகத்தை அசைப்பது ஏழாம் நரம்பு. முகத்துக்கு உணர்ச்சி தருவது ஐந்தாம் நரம்பு. திடீரென வாய் கோணுகிற முகவாதத்தில் பெரும்பாலும் ஏழாம் நரம்புதான் பழுதாகும். கண் எரியும், எரிவதால் கவனிப்போம். தொழுநோயில் இரண்டும் சேர்ந்து கெடலாம். அப்போது கருவிழி காய்ந்து புண்ணானாலும் வலிக்காது. பார்வை மங்கிய பிறகே தெரியவரும்.

மூடாத இமைக்கு அறுவை சிகிச்சை உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அவர் மனைவி மார்கரெட், கண் மருத்துவர். தொழுநோயாளிகளின் கண்களுக்காகவே பல்லாண்டு உழைத்தவர். விரலுக்குச் செய்ததைப் போலவே இமைக்கும் வேறொரு தசையைக் கடன் வாங்கலாம். கன்னப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள், ஒரு தசை புடைக்கும். அதை இயக்குவது ஐந்தாம் நரம்பின் வேறொரு கிளை. தொழுநோய் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அந்தத் தசையில் ஒரு பட்டையைத் திருப்பி, அதன் உறையை மெல்லிய இழைகளாக்கி இரண்டு இமைகளுக்குள்ளும் ஓட்டி, மூக்கோரம் தைத்துவிடுவார்கள். அதன்பின் பல்லைக் கடித்தால் இமை மூடும்.

ஆனால் போன உணர்ச்சியை இந்தச் சிகிச்சை திருப்பித் தராது. காய்ந்த கண் 'மூடு' என்று நினைவூட்டாது. நினைத்து நினைத்துக் கடிக்கப் பழக வேண்டும். காலையில் கண்ணாடியில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலையில் மூக்குக்கண்ணாடி, தூக்கத்தில் துணி மறைப்பு. மருத்துவரின் கைத்திறன் பாதி, இந்தப் பழக்கம் மீதி என்பேன். இமையின் வெளியோரத்தைச் சிறிது தைத்துச் சுருக்குவது தசையைத் திருப்புவதைவிட எளிய வழி.

கத்திக்குப் போகாமலே தப்பிக்கவும் முடியும். நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் போனால் ஸ்டெராய்டு மாத்திரையாலேயே மீள நல்ல வாய்ப்பு உண்டு. தொழுநோய்க்கான கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது; ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும். உணர்ச்சியற்ற தேமல், மரத்த கன்னம், மூடாத இமை, இவற்றில் எது தெரிந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள்.

போகத் தயங்குவது ஏன் என்றும் எனக்குப் புரிகிறது. 1930இல் தொடங்கிய சுங்கை பூலோ குடியிருப்பில் தொழுநோயாளிகளை ஊரிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். அந்தப் பயம் இன்னும் சில வீடுகளில் பேசாமலே கிடக்கிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அங்கே வாழ்ந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் பெயரில்லாமலே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்